காய்ச்சலுக்கு முந்தைய ஆண்டுகள்

காய்ச்சலோடு வந்து உட்காருகிறவரிடம் பொது மருத்துவம் பார்க்கிற எங்களில் யாரும் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். எத்தனை நாளாகக் காய்ச்சல், சுகர் பிரஷர் உண்டா. "இருக்கு டாக்டர், மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்" என்று பதில் வந்தால் சீட்டின் மேல்மூலையில் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான விஷயம், இரண்டாவது கேள்வியை நாங்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம் என்பது. நோய் இருக்கிறதா என்று கேட்டதோடு, அது இதுவரை எப்படி வைக்கப்பட்டிருந்தது என்றும் கேட்டாக வேண்டும். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி எவ்வளவு, நடுவில் எத்தனை வாரம் மாத்திரை விட்டுப்போனது, கிட்னியைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், பாதம் மரத்துப்போகிறதா. ஒரே வைரஸ் ஒரே தெருவில் இருவரைத் தொற்றுகிறது. ஒருவர் நாலு நாள் கஞ்சி குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார், இன்னொருவர் ஆக்ஸிஜன் படுக்கைக்குப் போகிறார். இந்த வித்தியாசத்தின் கணிசமான பகுதி அந்தப் பதில்களுக்குள் இருக்கிறது. சுகரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லும்போது கண்ணையும் காலையும் இதயத்தையும் காட்டியே நாம் எச்சரித்து வந்திருக்கிறோம். அடுத்து வரப்போகும் வைரஸையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இப்போது போதுமான ஆதாரம் இருக்கிறது.

கொரோனா காலத்தில் தமிழக சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட அறிக்கைகளில் இறந்தவரின் வயதும், அவருக்கு ஏற்கெனவே இருந்த நோய்களும் குறிப்பிடப்பட்டிருந்தன. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் என்ற இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. 2020இல் 'சயன்ஸ்' இதழில் தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் தரவுகளை வைத்து வெளியான ஆய்வும் அதையே காட்டியது. இறந்தவர்களில் 45 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது, 36 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. இந்த எண்களைப் படித்தவர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். சுகர் இல்லாதவர்கள் தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தார்கள். சுகர் உள்ளவர்கள், தொற்று வந்தால் அவ்வளவுதான் என்று பயந்தார்கள். இரண்டாவது புரிதல் முதலாவதைவிட அதிகக் கேடு செய்தது என்று நினைக்கிறேன். முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று நம்புகிறவர், அந்த மாத மாத்திரையை வாங்க வரிசையில் நிற்பதற்கு என்ன காரணம் இருக்கிறது? அந்த அறிக்கைகள் நோய் இருந்ததா என்பதை மட்டுமே சொல்லின. அந்த நோய் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்ல அவற்றில் இடம் இல்லை.

அந்த இடத்தை நிரப்பிய தரவு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஏறக்குறைய எல்லா மக்களும் ஒரே பொதுச் சுகாதார அமைப்பில் பதிவு செய்யப்பட்டவர்கள். தொற்று வருவதற்கு மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும், பிறகு நேர்ந்த மரணமும் ஒரே ஆவணத்தில் சேர்கின்றன. 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்த 'ஓபன்சேஃப்லி' ஆய்வு 2020இல் 'நேச்சர்' இதழில் வந்தது. நீரிழிவு உள்ளவர்களை அது இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ஏறக்குறைய 7.5க்குக் கீழே இருந்தவர்களுக்குக் கொரோனாவால் இறக்கும் ஆபத்து, நீரிழிவு இல்லாதவர்களைவிட 1.3 மடங்கு. அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 1.95 மடங்கு. வயது, உடல் எடை, வறுமை, பிற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு கிடைத்த எண்கள் இவை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நீரிழிவு நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னொரு ஆய்வில் இது படிப்படியாகவே தெரிகிறது. இரண்டாம் வகை நீரிழிவில், ஹெச்பிஏ1சி 6.5 முதல் 7 வரை இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 7.6 முதல் 8.9 வரை இருந்தவர்களுக்கு ஆபத்து 22 சதவீதம் கூடுதல், 10ஐத் தொட்டவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் 61 சதவீதம் கூடுதல். நீரிழிவு என்ற ஒரே பெயருக்குக் கீழே இத்தனை வேறுபட்ட உடல்கள் இருக்கின்றன. கட்டுக்குள் வைத்திருப்பவர் நீரிழிவு இல்லாதவருக்குப் பக்கத்தில் நிற்கிறார், கைவிட்டவர் வெகுதூரம் தள்ளி நிற்கிறார்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு உடலியல் நல்ல விளக்கம் வைத்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால் முதல் வரிசையில் நிற்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. தொற்று நடக்கும் இடத்துக்கு நகர்ந்து போவது, கிருமியை விழுங்குவது, விழுங்கியதை அழிப்பது என்று மூன்று வேலையும் தளர்கிறது. வைரஸ் நுழைந்த முதல் மணி நேரங்களில் சுரக்க வேண்டிய இன்டர்ஃபெரான் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. ஆரம்பத்தில் இப்படி மெத்தனமாக இருக்கும் எதிர்ப்பு, சில நாள் கழித்து நேர்மாறாக அளவு மீறுகிறது. நீண்ட நாள் சுகரும் தொப்பைக் கொழுப்பும் சேர்ந்து உடலில் எப்போதும் லேசான அழற்சியை வைத்திருப்பதால், பிற்பகுதியில் எழும் அழற்சிக்குக் கடிவாளம் இல்லாமல் போகிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அங்கே ரத்தம் எளிதில் உறைகிறது. கொரோனாவில் நுரையீரலைக் கெடுத்ததும், டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிய வைப்பதும், ஃப்ளூவுக்குப் பிறகு மாரடைப்பைக் கொண்டுவருவதும் வெவ்வேறு வைரஸ்கள். ஆனால் அடி விழுகிற இடங்களில் ஒன்று இந்த உட்சுவர். இந்தக் கோளாறுகளில் வெள்ளை அணுக்களின் மந்தம் சர்க்கரை இறங்கினால் பெருமளவு மீளக்கூடியது, சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். ரத்தக்குழாயின் பழுது அப்படி மீளாது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது வலுவானது. கடும் தொற்றே சர்க்கரையை ஏற்றிவிடும், ஆகவே சுகர் ஏறியதால் நோய் கடுமையானதா, நோய் கடுமையானதால் சுகர் ஏறியதா என்று எப்படிச் சொல்வது? சீனாவின் ஹூபே மாகாண மருத்துவமனைகளிலிருந்து வந்த புகழ்பெற்ற ஆய்வில் இந்தச் சிக்கல் உண்டு. அனுமதிக்கப்பட்டிருந்த நாட்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்த நீரிழிவு நோயாளிகளில் 1.1 சதவீதத்தினரும், இல்லாதவர்களில் 11 சதவீதத்தினரும் இறந்தார்கள் என்றது அது. பத்து மடங்கு என்பதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து மடங்கில் ஒரு பங்கு நோயின் கடுமையே உண்டாக்கியது என்பதால் அதை நான் என் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்துத் தரவுகளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அவற்றில் இருக்கும் ஹெச்பிஏ1சி காய்ச்சலுக்கு முன்பே எடுக்கப்பட்டது. அது நான்கு நாள் காய்ச்சலில் மாறுகிற அளவும் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையை இரண்டு நாள் பட்டினி கிடந்து சரிசெய்துகொண்டு பரிசோதனைக்கு வருகிறவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அப்படி இரண்டு நாளில் கழற்ற முடியாது. மூன்று மாதமும் எப்படிப் போனது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் பிரான்சிலிருந்து வந்தது. அங்கே 53 மருத்துவமனைகளில் 1,317 நீரிழிவு நோயாளிகளைப் பின்தொடர்ந்த 'கொரோனாடோ' ஆய்வில், ஹெச்பிஏ1சி எவ்வளவு இருந்தது என்பதற்கும் ஏழு நாளுக்குள் செயற்கைச் சுவாசமோ மரணமோ நேர்ந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை. உடல் பருமனுக்குத் தொடர்பு இருந்தது. அப்படியானால் சுகரைக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். அந்த ஆய்வை முழுதும் படித்தால் பதில் அதிலேயே கிடைக்கிறது. இறப்போடு தொடர்புடையவையாக அது கண்டவற்றில் நீரிழிவால் ஏற்படும் சிறு ரத்தக்குழாய், பெரு ரத்தக்குழாய்ச் சேதங்கள் இருந்தன. விழித்திரை, கிட்னி, நரம்பு, இதயம் ஆகியவற்றில் ஏற்படும் அந்தச் சேதம் வானத்திலிருந்து வந்ததன்று, பத்து இருபது ஆண்டுச் சர்க்கரையும் அழுத்தமும் விட்டுச்சென்ற கணக்கு அது. கடைசி மூன்று மாத எண்ணைவிட அந்த நீண்ட கணக்கு அதிகம் பேசுகிறது என்றால், என் வாதம் பலவீனப்படவில்லை, அதன் கால அளவுதான் நீள்கிறது. மேலும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு ஏற்கெனவே மோசமானவர்கள். கட்டுப்பாடு நன்றாக இருந்து வீட்டிலேயே குணமானவர்கள் அந்த எண்ணிக்கைக்குள் வரவே இல்லை.

பிரஷர் விஷயத்தில் இப்படித் தெளிவான படிக்கட்டு கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓபன்சேஃப்லியிலேயே எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு உயர் ரத்த அழுத்தம் தனியாக ஆபத்தைக் கூட்டவில்லை. ஆனால் கிட்னியின் வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இறங்கியவர்களுக்கு இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு. அந்தக் கிட்னிகளில் பலவற்றைக் கெடுத்தது கவனிக்கப்படாத பிரஷரும் சுகரும்தான். பிரஷரின் தீமை இங்கே நேராக வரவில்லை, உறுப்புகளின் வழியாக வருகிறது. 2020 தொடக்கத்தில், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் வைரஸ் நுழையும் வாசலை அகலத் திறந்துவிடும் என்ற பேச்சு கிளம்பியதும், நன்றாக இருந்தவர்களில் சிலர் தாமாகவே அவற்றை நிறுத்தினார்கள். பிரேசிலில் 659 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாத்திரையை நிறுத்தியும் மற்றவர்களுக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். நிறுத்தியதால் எந்த நன்மையும் இல்லை. ஒரு ஊகத்துக்காகக் கைவிடப்பட்ட அந்த மாத்திரைகளின் விலை என்ன என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

நான் மிக முக்கியமாகக் கருதும் ஆட்சேபம் வேறொன்று. கட்டுப்பாடு இவ்வளவு முக்கியம் என்றால், தொற்று வந்த பிறகு நல்ல சுகர் மருந்தைக் கொடுத்தாலே காப்பாற்றிவிடலாமே? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இதயத்துக்கும் கிட்னிக்கும் நன்மை செய்வதாக நிரூபணமான டாபாக்ளிஃப்ளோசின் மருந்தை, கொரோனாவோடு அனுமதிக்கப்பட்ட 1,250 பேரிடம் 'டேர்-19' என்ற ஆய்வில் முயன்றார்கள். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கிட்னி நோய் இவற்றில் ஒன்றாவது உள்ளவர்கள் அவர்கள். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. அதே குடும்பத்து எம்பாக்ளிஃப்ளோசினை இங்கிலாந்தின் 'ரெகவரி' ஆய்வு சோதித்தபோதும் பலன் இல்லை. சிலர் இதைக் கட்டுப்பாட்டுக் கருத்துக்கே தோல்வி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது நேரெதிராகப் படுகிறது. ஆண்டுகளாகச் செய்ய வேண்டியதை ஒரு வாரத்தில் ஈடுசெய்ய முடியாது. வெள்ளம் வந்த இரவில் ஏரிக்கரையை உயர்த்த முடியாது, கோடையில் மண் போட்டிருக்க வேண்டும். நாள்பட்ட நோய்க்கான மருத்துவம் அந்தக் கோடை வேலை.

கொரோனா பழைய கதையாகிவிட்டது என்று நினைக்கிறவர்களுக்காக ஃப்ளூவைச் சொல்ல வேண்டும். அது ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவமனையில் சேரும் ஆபத்து மூன்று மடங்கு, சேர்ந்த பிறகு தீவிர சிகிச்சைக்குப் போகும் ஆபத்து நான்கு மடங்கு என்று பதிவானது. அதே நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட ஆறு மடங்கு என்று காட்டியது. சளியும் காய்ச்சலுமாகத் தொடங்கியது மாரடைப்பில் முடிவதை இதயப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். இங்கே மேலாண்மை என்பதில் தடுப்பூசியும் அடங்கும். மாரடைப்பு வந்து அனுமதிக்கப்பட்ட 2,571 பேரிடம், வங்கதேசம் உள்ளிட்ட எட்டு நாடுகளில் நடந்த குலுக்கல் முறை ஆய்வில், மருத்துவமனையிலேயே ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 2.9 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 4.9 சதவீதம். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் எங்கள் தொழிலில் அரிது. அப்படியிருந்தும் சுகர் நோயாளியின் சீட்டில் இந்த ஊசியை எழுதுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசி நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்திலும் இல்லை.

கட்டுப்பாடு இல்லாத சுகர், வைரஸ், சிகிச்சை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 கோடை காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்று ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் நிரூபித்திருந்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் பாதி மட்டும் ஊரெல்லாம் பரவியது. லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் கிடைத்தது. ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், ஏற்கெனவே 250இல் இருந்தவருக்கு அது 400ஐத் தாண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இல்லாதவருக்கு அது தெரியவே வராது. மியூகர்மைகோசிஸ் என்ற கரும்பூஞ்சை நோய், நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. தமிழக அரசு அந்த மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கண்ணையும் மேல் தாடையையும் எடுத்துத்தான் பலரின் உயிரைக் காக்க முடிந்தது. வைரஸ் உலகம் முழுக்கப் போனது, ஸ்டீராய்டும் போனது. பூஞ்சை இந்த அளவில் இங்கே வந்ததற்குக் கட்டுக்கடங்காத சுகர் முக்கியக் காரணம் என்பதில் நிபுணர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, மற்றதெல்லாம் சில்லறை என்பவர்களும் உண்டு. 80 வயதைக் கடந்தவருக்கு 50களில் இருப்பவரைவிட ஆபத்து பல மடங்கு அதிகம் என்பது உண்மை, சுகரின் பங்கு அதற்கு முன் சிறியது. ஆனால் வயதைக் குறைக்க மாத்திரை இல்லை. மாற்றக்கூடியவற்றில் பெரியது எது என்பதுதான் எங்கள் மேசையில் வரும் கேள்வி. அதற்காகச் சுகரை இயன்ற அளவு கீழே தள்ளுவதும் தவறு. ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற அமெரிக்க 'அக்கார்ட்' ஆய்வு, தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தப் பகுதியை நிறுத்தியது. இங்கிலாந்துத் தரவிலும் 6.5க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து சற்றே கூடியிருந்தது. தாழ் சர்க்கரையில் மயங்கி விழும் முதியவருக்கு 7.5 போதும், சிலருக்கு 8 போதும். எல்லோருக்கும் ஒரே எண்ணை எழுதிக்கொடுப்பது மருத்துவம் ஆகாது.

நம் நிலைமைக்கு வருகிறேன். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த மாநிலம் தழுவிய கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அதாவது கொரோனா நுழைந்த வீடுகளில், சுகர் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆபத்து அதிகமான பக்கத்தில் நின்றார்கள். தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் இதில் அடக்கம். அக்கறை இல்லாததால்தான் இப்படி என்று சொல்வது எளிது, நியாயம் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மாதம் ஒருநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்றால் அன்றைய சம்பளம் போகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தைத்தான் பிடித்தது. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் பிரஷர் கருவியோடு வாசலுக்கு வந்து, அளவைப் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். சில ஆண்டு கழித்து அதே கணக்கெடுப்பைத் திரும்ப நடத்தியபோது இரண்டு நோய்களிலும் கட்டுப்பாடு 17 சதவீதத்தை ஒட்டி வந்திருந்தது. ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியே இருக்கிறார்கள் என்றாலும் இந்த ஏற்றம் சாதாரணமானதன்று. அடுத்த தொற்றுக்கான ஆயத்தக் கூட்டங்களில் ஆக்ஸிஜன் தொட்டியும் வென்டிலேட்டரும் எண்ணப்படும்போது, இந்த சதவீதமும் அதே மேசையில் வைக்கப்பட வேண்டும் என்று கேட்கிறேன்.

வீடு தேடி வரும் அந்த மாத்திரை உறையோடு ஒரு தாளும் போக வேண்டும். காய்ச்சல் நாட்களில் என்ன செய்வது என்பது அதில் எளிய தமிழில் இருக்க வேண்டும். சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. சாப்பாடு இல்லாவிட்டாலும் காய்ச்சல் சர்க்கரையை ஏற்றும், முதல் வகை நீரிழிவில் ஒருநாள் ஊசி விட்டாலே ரத்தம் அமிலமாகிவிடும். வாந்தி பேதியோடு நீர் வற்றும்போது மட்டும் மெட்ஃபார்மின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள், நீர் இறக்கும் மாத்திரை, டெல்மிசார்டன் வகை ஆகியவற்றைச் சில நாள் நிறுத்த வேண்டியிருக்கும். அதைச் செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுச் செய்து, சாப்பிடத் தொடங்கியதும் திரும்பத் தொடங்க வேண்டும். வைரஸுக்குப் பயந்து மாதக்கணக்கில் கைவிடுவது வேறு, நீர் வற்றிய இரண்டு நாள் நிறுத்துவது வேறு. டெங்கு இருக்கலாம் என்ற காலத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், உடல்வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். நீரிழிவு உள்ளவரின் டெங்குவை மருத்துவமனைக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியே குறிப்பிடுகிறது. மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சர்க்கரை இரண்டு முறை தொடர்ந்து 300ஐத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தாளின் அடியில் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.